யாழ் நரம்பும் சிறுவர் உள்ளமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வளரும் பிள்ளைக்கு, மனிதர் பல திறத்தினர் என்பதை ஏட்டிலே காட்ட வேண்டியதில்லை. கோணேசர் கோயில் மணியும் பள்ளிவாசலின் பாங்கோசையும் மாதா கோயில் மணியும் அதன் செவியில் விழுகின்றன. கடைத்தெருவிலே தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கின்றன. வேற்றுமையைக் கண்ணும் காதும் கற்பித்துவிடும். பிறன் பசியும் தன் பசியும் ஒன்றே என்பதை யார் கற்பிப்பது? இவ்வினா எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் சுவாமி விபுலாநந்த அடிகளார்.

1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், கிழக்கிலங்கைக் காரைதீவிலே பிறந்த மயில்வாகனனே பிற்காலத்தில் விபுலாநந்தரானார். சைவக் குடும்பத்துப் பிள்ளையாகிய அவர், மட்டக்களப்பிலே கத்தோலிக்கக் குருமார் நடத்திய அர்ச். மைக்கேல் கல்லூரியிற் கற்றார். பின்னர் யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் போதித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1924இல் இராமகிருஷ்ண மடத்துத் துறவி. வேற்றுச் சமயத்தார் நிழலிலே கற்றும் தம் சமயத்தில் ஊன்றி நின்ற அவருக்கு, வேற்றுமை அச்சந்தரும் பொருளாக இருந்ததில்லை.

1925இல் ஈழத்துக்கு மீண்ட அடிகளார், மடத்தின் பாடசாலைப் பணியை மேற்கொண்டார். திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்று நடத்தினார். 1929இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயம் கண்டார். அக்காலத்திலே பாடசாலை வாங்கிலும் சாதி அமர்ந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்னும் விதி எழுந்தபோது, 1930ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. ஒரு சிறுவன் மற்றொருவன் அருகே அமர்வது அத்துணைப் பெரும் பூசலாக இருந்தது.

அடிகளார் அப்பூசலுக்குச் செயலால் விடை தந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றவர், வகுப்பு முடிந்ததும் ஓய்வு நாடவில்லை. அருகிலிருந்த திருவேட்களத்திலே, தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்ட மக்களின் சேரிக்குச் சென்று சிறுவர்க்குக் கல்வி புகட்டினார். பேராசிரியர் சென்ற அவ்வழியே மாணவரும் சென்றனர். பிறர் துயரைத் தம் துயராக உணர்தல் எவ்வாறென்பதை அம்மாணவர் கற்றது அங்கேதான் என்பேன்.

அவர் பல்லாண்டு ஆராய்ந்து இயற்றிய யாழ் நூல் 1947 ஜூன் மாதத்தில் அரங்கேறிற்று. பழந்தமிழர் இசை நரம்புகளின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என நான்காக வகுத்ததை அந்நூல் ஆராய்கிறது. அதிலே நான் காணும் பாடம் ஒன்றுண்டு. எந்த நரம்பும் பிறப்பாற் பகையன்று. ஒன்றற்குப் பகையாக நிற்பது வேறொன்றற்கு நட்பாகும். நரம்பெல்லாம் ஒரே ஒலி எழுப்பினாலோ பண் பிறவாது. ஆசிரியர் இதனைச் சிறுவர்க்கு ஒரு வீணையைக் கொண்டே விளக்கிவிடலாம்.

அரங்கேற்றம் நிகழ்ந்த மறு மாதம், ஜூலை 19ஆம் நாள், அடிகளார் மறைந்தார். அதன்பின் இந்நாடு கண்ட கலவரங்களும் 2009 வரை நீடித்த போரும் திருகோணமலையையும் விட்டுவைக்கவில்லை. இன்றும் அங்கே தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளிலேயே பயில்கின்றனர். அடிகளார் பெயரால் விழா எடுக்கும் ஆசிரியப் பெருமக்கள், அவ்விழாவிலேனும் அப்பிள்ளைகளை ஒரே வாங்கில் அமர்த்துவார்களாக.