டாரட் கார்டு ஓரத்துல இருக்கிற அந்தக் குட்டி கையெழுத்து யாரோடது?

ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி ரீல்ஸ் தள்ளிட்டு இருக்கீங்க. ஒருத்தர் சீட்டுக்கட்டைக் குலுக்கி மூணு கார்டை எடுத்து வைக்கிறார். டாரட்டை நீங்க நம்புறவரா, சிரிச்சுட்டு அடுத்த வீடியோவுக்குப் போறவரா... அது இங்க விஷயம் இல்ல. ஆனா அந்தப் படங்கள் உங்களுக்கு நல்லாவே பழக்கம். மலை விளிம்பில் மூட்டையைத் தோளில் போட்டுக்கிட்டு நிற்கிற இளைஞன், மூன்று வாள் குத்திய சிவப்பு இதயம், குதிரை மேல் கையை விரித்து உட்கார்ந்திருக்கும் குழந்தை.

சரி, ஒரு கட்டு வாங்கலாம்னு ஷாப்பிங் ஆப்ல தேடிப் பாருங்க. தலை சுத்தும். அதே குழந்தை, அதே குதிரை. ஒரு கட்டில் வானம் பளீர் நீலம், இன்னொன்றில் பலமுறை துவைத்த சட்டை மாதிரி வெளிறிப் போயிருக்கும். ஒன்றில் சூரியனோட முகம் சாந்தமா இருக்கு, இன்னொன்றில் லேசா முறைக்குது. விலையும் சில நூறில் இருந்து பல ஆயிரம் வரை. எல்லாத்துக்கும் ஒரே பேர்: ரைடர்-வெய்ட். இதுல எதுதான் ஒரிஜினல்?

ரைடர் என்பது லண்டன் பதிப்பகத்தின் பெயர். வெய்ட் என்பது கட்டைத் திட்டமிட்டு எழுதிய ஆர்தர் எட்வர்ட் வெய்ட். 78 படங்களையும் வரைந்த பெண்ணின் பெயர் அதில் இல்லை. அவர் பெயர் பமீலா கோல்மன் ஸ்மித்.

1878 பிப்ரவரியில் லண்டனில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் அமெரிக்கர்கள். அப்பாவின் வேலையால் மான்செஸ்டர், பிறகு ஜமைக்காவின் கிங்ஸ்டன், பிறகு நியூயார்க் என்று ஊர் ஊராக வளர்ந்தார். 15 வயதில் புரூக்ளினில் உள்ள பிராட் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பாடம் சொன்ன ஆர்தர் வெஸ்லி டவ் ஜப்பானிய அச்சு ஓவியங்களில் பைத்தியமாக இருந்தவர். தடித்த கறுப்புக் கோடு, அதற்குள் நிழல் தீட்டாத தட்டையான வண்ணம். டாரட் கார்டுகளில் நீங்க பார்க்கிற ஸ்டைல் கிட்டத்தட்ட அதேதான்.

1896-ல் அம்மா இறந்தார். அடுத்த வருஷம் பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டார். 1899-ல் அப்பாவும் போய்விட்டார். 21 வயசு. லண்டனின் லைசியம் நாடகக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. அன்றைய சூப்பர் ஸ்டார் நடிகை எலன் டெரி வைத்த செல்லப் பெயர் 'பிக்ஸி'. குட்டித் தேவதைன்னு வச்சுக்கலாம். (அந்தக் குழுவின் மேனேஜர் யார் தெரியுமா? 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கர்!) மேடை, உடைகள், நடிகர்கள் நிற்கும் விதம் எல்லாத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்து வரைந்தார். பல டாரட் கார்டுகளில் ஆட்களுக்குப் பின்னால் ஒரு நேர்கோடு ஓடும், அந்தப் பக்கம் ஊரும் மலையும் திரைச்சீலை மாதிரி தொங்கும். நாடக மேடை பார்த்த கண்ணு அது.

இன்னொரு விஷயத்தை இங்க கவனிக்கணும். 1903-ல் 'தி கிரீன் ஷீஃப்' என்று சொந்தமாக ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். 13 இதழ்தான் வந்தது. படங்களுக்கு வண்ணம் எப்படி? அச்சில் இல்லை, கையால் தீட்டினது. வண்ணம் எங்க எவ்வளவு இருக்கணும்னு அந்த அளவுக்குப் பிடிவாதம். 1907-ல் நியூயார்க்கில் புகைப்பட மேதை ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ், புகைப்படங்களுக்காகவே நடத்திய தன் கேலரியில் முதல்முறையாக ஓவியங்களை மாட்டினார். அவை பமீலாவின் ஓவியங்கள்.

இப்ப 1909-க்கு வருவோம். கோல்டன் டான் என்ற ரகசிய ஆன்மிக அமைப்பில் வெய்ட்டும் பமீலாவும் பழக்கமானவர்கள். புது டாரட் கட்டு போடணும்னு வெய்ட் அவரைக் கேட்டார். முக்கியமான 22 கார்டுகளில் என்னென்ன சின்னம் வரணும் என்பதில் வெய்ட் ரொம்ப கறார். மீதி 56 கார்டுகளைப் பெரும்பாலும் பமீலாவிடமே விட்டுவிட்டார் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதுவரை வந்த டாரட் கட்டுகளில் அந்த 56-ம் நம்ம ரம்மி சீட்டு மாதிரிதான் இருக்கும். அஞ்சு கோப்பைன்னா அஞ்சு கோப்பை, அவ்வளவுதான். இத்தாலியின் 15-ம் நூற்றாண்டு சோலா புஸ்கா கட்டு மட்டும் பெரிய விதிவிலக்கு. பமீலா ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை வைத்தார். கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்த்து நிற்கும் கறுப்பு அங்கிக்காரர், அவருக்குப் பின்னால் அவர் திரும்பிப் பார்க்காத இரண்டு கோப்பைகள். புத்தகம் படிக்காதவருக்கும் புரியும். இந்தக் கட்டு உலகம் முழுக்கப் பரவ இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

சில மாதங்களில் எல்லாம் முடிந்தது. அந்த நவம்பரில் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், வேலை பெருசு, காசு ரொம்பக் கம்மி என்று புலம்பியிருக்கிறார். கூடவே இன்னொரு சந்தேகம்: கலர் லித்தோ அச்சில் போடப்போறாங்க, அநேகமா மோசமாத்தான் வரும் என்று. தன் பத்திரிகைக்குக் கையால் கலர் தீட்டியவருக்கு இருந்த அந்தப் பயத்தில் இருந்துதான் உங்க ஷாப்பிங் ஆப் குழப்பத்துக்கு விடை தேடணும்.

ஏன்னா அவர் கையால் வரைந்த அசல் படங்கள் இன்று எங்கேயும் இல்லை. இதுவரை கிடைக்கவே இல்லை. நாம பார்க்கிற எல்லாமே அச்சு, அல்லது அச்சைப் பார்த்து எடுத்த அச்சு. 1909-ல் வந்த முதல் பதிப்பின் பின்பக்கத்தில் ரோஜாவும் லில்லியும் இருக்கும். அதனால சேகரிப்பவர்கள் அதை அந்தப் பூக்களின் பெயராலேயே கூப்பிடுறாங்க. அடுத்தடுத்து வந்த பழைய பதிப்புகளுக்கு அவங்க வைத்த பெயர் பாம் ஏ, பாம் பி, பாம் சி, பாம் டி. 'பாம்' என்பது பமீலாவின் சுருக்கம். எழுத்து வரிசைதான் அச்சான வரிசைன்னு நம்பிடாதீங்க, இல்லை. பிரதி எடுக்கும்போது கோடுகள் மாறின. பழகினவங்க முதலில் உருவிப் பார்ப்பது சூரியன் கார்டைத்தான். முகத்தின் கோடுகளை வைத்தே இது எந்தப் பதிப்புன்னு சொல்லிடுவாங்க.

1971-ல் அமெரிக்காவின் யுஎஸ் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட மஞ்சள் பெட்டிக் கட்டுதான் உலகம் முழுக்கப் போனது. அதில் கார்டின் கீழே இருந்த பமீலாவின் கையெழுத்துத் தலைப்புகள் போய், அச்செழுத்து வந்தது. பிறகு வேறு ஓவியர்கள் புதுசா கலர் கொடுத்த பதிப்புகளும் வந்தன. பளபளன்னு அழகாத்தான் இருக்கு. ஆனா கோட்டுக்கும் நிறத்துக்கும் இடையில் பமீலா விட்ட அமைதி அதில் காணாமல் போகுது. என் கருத்துதான், உங்களுக்குப் பளீர் கலர் பிடிச்சா அதையே வாங்குங்க.

பமீலா இதில் எதையும் பார்க்கவில்லை. 1911-ல் கத்தோலிக்கத்துக்கு மாறினார். முதல் உலகப்போருக்குப் பிறகு கிடைத்த கொஞ்சம் குடும்பச் சொத்தில் கார்ன்வால் கடலோரத்தில் வீடு எடுத்து, பாதிரியார்கள் ஓய்வெடுக்க விடுதி நடத்தினார். பணம் நிற்கவில்லை. வரைவதை அவர் விடவில்லை, வாங்கத்தான் ஆள் இல்லை. 1951 செப்டம்பர் 18-ல் பியூட் என்ற சின்ன ஊரில் இறந்தபோது வயது 73. வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுக் கடனை அடைத்தார்கள். கல்லறை எங்கே என்று அடையாளம் இல்லை.

நூறு வருஷம் கழித்து, 2009-ல், யுஎஸ் கேம்ஸ் நூற்றாண்டுப் பதிப்பு போட்டது. நிறங்கள் பழையபடி மங்கலாக, தலைப்புகள் அவர் கையெழுத்திலேயே. பெட்டியில் போட்ட பெயர் ஸ்மித்-வெய்ட். என்கிட்ட கேட்டா இதைத்தான் வாங்கச் சொல்வேன். பிரிட்டனில் 2022 முதல் அந்தப் படங்களுக்குக் காப்புரிமையும் முடிந்துவிட்டது. அதனால யார் வேணாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறாங்க.

நீங்க எந்தக் கட்டை வாங்கினாலும் சரி, ஒரு கார்டை எடுத்துக் கீழ் மூலையை மொபைலில் ஜூம் பண்ணுங்க. பாம்பு சுத்தினாப்ல பி, சி, எஸ் மூணு எழுத்தும் பின்னிக்கிட்டு இருக்கும். பெட்டியில் பெயர் போடாத வருஷங்களிலும் அது அங்கேயேதான் இருந்தது.