வியாழனின் மதியைக் கடிகாரமாக்கியவர்

ஒளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்வதற்குக் காலம் வேண்டுமா, அன்றித் தோன்றிய கணத்திலேயே எங்கும் நிறைந்துவிடுமா என்பது அறிஞரை நெடுங்காலம் மயக்கிய வினா. அதற்குச் சான்றுடன் விடை கண்டவர் ஓலே றோமர். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு விண்ணூல் புறத்துறையே. ஆயினும் இவர் வரலாறு என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்ததாகும்.

டென்மார்க்கிலே, ஆகூசு நகரில், 1644 ஆம் ஆண்டு வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த றோமர், கோப்பன்கேகனில் பார்தொலின் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். 1671 இல், தைக்கோ பிராகி முன்னாளில் விண்ணாய்வு நிகழ்த்திய தீவை அளக்கப் பிரெஞ்சு அறிஞர் பிக்கார் வந்தார். அவருக்குத் துணைநின்ற இளைஞரின் திறம் கண்டு, மறு ஆண்டு பாரிசுக்கே அழைத்துச் சென்றார்.

அக்காலத்துக் கடலோடிகளை வாட்டியது நெட்டாங்கு அறியும் இடர்ப்பாடு. 1610 இல் கலிலியோ கண்ட வியாழனின் மதிகளுள் உள்ளே சுழல்வதாகிய அயோ, நாற்பத்திரண்டரை மணிக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றி, அதன் நிழலில் மறைந்து வெளிப்படும். உலகினர் அனைவருக்கும் பொதுவாக வானில் தொங்கவிட்ட கடிகாரம் என்றே அதனைச் சொல்லலாம். பாரிசு வானாய்வு நிலையத்தின் முதல்வராய் விளங்கிய கசினி அதற்கு அட்டவணை வகுத்திருந்தார். ஆனால் கடிகாரம் பிழைத்தது. பூமி வியாழனை விட்டு அகலுங்கால் கிரகணம் பிந்திற்று, அணுகுங்கால் முந்திற்று.

பிழை கடிகாரத்தில் இல்லை, செய்தி வந்த வழியின் நெடுமையிலேயே உண்டு என்றார் றோமர். 1676 செப்டெம்பரில், நவம்பர் 9 ஆம் நாள் அயோ நிழலினின்று வெளிப்படுவது கணித்த நேரத்திற்குப் பத்து நிமிடம் பிந்துமென அறிவித்தார். அவ்வாறே பிந்தியது. பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் செல்லும் என்பது அவர் கணிப்பு. உண்மை 17 நிமிடத்திற்குச் சற்றுக் குறைவே. வேகம் இவ்வளவு என்று அவர் எண் கூறவில்லை. அதனைக் கணித்தவர் ஐகன்சு.

கசினி உடன்படவில்லை. இத்தனைக்கும், அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் இக்கருத்தை முதலில் வெளியிட்டுப் பின் கைவிட்டவரும் அவரே! ஏனைய மூன்று மதிகளிலும் இப்பிறழ்வு அவ்வண்ணம் புலப்படவில்லை என்பது அவர் தடை. அதனைப் பொறாமை என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. முதல்வரின் தடைக்கு எதிரே இளையவர் தம் கொள்கையில் நிலைநின்றதே எனக்கு வியப்பளிப்பது.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. 1849 இல் பிசோ ஒளியைக் கண்ணாடிக்கு அனுப்பி, மீண்டு வரச் செய்து, போக்குவரவு இரண்டையும் சேர்த்தே அளந்தார். றோமர் கண்டதோ ஒருவழிப் பயணம். போகும் வேகத்தைத் தனியே அளக்க இரு முனையிலும் ஒத்த நேரங்காட்டும் கடிகாரங்கள் வேண்டும். அவை ஒத்தனவென்று அறியவோ செய்தி அனுப்ப வேண்டும். அச்செய்தியை ஒளியே சுமக்க வேண்டும். கடிகாரத்தைத் தூக்கிச் சென்றாலோ இயக்கத்தால் அதன் நடை தளரும். ஆதலின் போகும் காலமும் வருங் காலமும் சமமென 1905 இல் ஐன்ஸ்ரைன் வரையறையாகவே கொண்டார். றோமரின் கணக்கிலும் இக்கோள் மறைந்து கிடக்கின்றது என்பர் பிற்காலத்தார். அணுக்கடிகாரம் வந்த பின்னரும் இம்முடிச்சு அவிழ்ந்திலது.

1681 இல் தாயகம் மீண்ட றோமர் ஆசிரியரின் மகளை மணந்தார். நாட்டின் நிறைகளையும் அளவைகளையும் ஒழுங்குபடுத்தினார். 1700 இல் புதிய பஞ்சாங்கமுறையைப் புகுத்தினார். தலைநகரின் காவலதிகாரியாகி வீதிகளில் எண்ணெய் விளக்கும் ஏற்றுவித்தார். ஒளிக்குக் காலம் கணித்தவர் தெருவுக்கு ஒளி தந்தது நல்ல பொருத்தமே. 1710 செப்டெம்பரில் மறைந்தார்.

1728 இல் கோப்பன்கேகனைப் பெருந்தீ சூழ்ந்தது. அவர் ஆயுள் முழுதும் எழுதிவைத்த விண்ணாய்வுக் குறிப்புகளிற் பெரும்பாலன சாம்பராயின. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் பிறாட்லி, விண்மீன்கள் இடம்பெயர்ந்து தோன்றுவதற்குக் காரணம் ஒளியின் வேகமே எனக் கண்டு, றோமரின் கூற்றை ஐயமற நிலைநாட்டினார். தீக்குத் தப்பியவற்றுள், 1706 ஒக்டோபரில் மூன்று இரவுகள் அவர் விண்மீன்களை அளந்த குறிப்பும் ஒன்று.