11 வயதில் விதவை. 1911-ல் பட்டதாரி!

சகோதரி சுப்புலட்சுமி 1886-ம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தஞ்சை ஜில்லா ரிஷியூர் பிராமணக் குடும்பம். 11 வயதில் கலியாணம். சில வாரங்களிலேயே மாப்பிள்ளை இறந்துபோனார்!

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பெண்ணின் தலையை மழித்து, மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். தகப்பனார் சுப்பிரமணிய அய்யர் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஊர் ஏசியது. அவர் மகளைப் படிக்க வைத்தார். இளம் விதவையான சித்தி வாலாம்பாள் துணையாக இருந்தார். 1911-ல் சுப்புலட்சுமி மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே.

மறுவருஷம் எழும்பூரில் பெற்றோர் வீட்டிலேயே, நாலு இளம் விதவைகளுடன் ஓர் இல்லம் தொடங்கினார். பிறகு அது கடற்கரை ஐஸ் ஹவுசுக்கு மாறியது. (அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேர்த்து வைத்த கட்டிடம் அது. இப்போது விவேகானந்தர் இல்லம்.)

சோறு போடுவதோடு அவர் நிற்கவில்லை. பெண் பிள்ளைகளை ஆண் வாத்தியாரிடம் அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலம். ஆசிரியைகளோ கிடைக்கவில்லை. அந்த வேலைக்கு விதவைகளையே படிக்க வைத்துத் தயார் செய்தார். அண்ணன் தம்பி கையை எதிர்பார்த்திருந்தவர்கள், சொந்தச் சம்பளம் வாங்கினார்கள்.

ஐஸ் ஹவுஸ் விடுதியில் பிராமணப் பெண்களுக்கே இடம் கிடைத்தது. அது பெரிய குறைதான்.

1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது. 1952-ல் மேல்சபை உறுப்பினரானார். முதுமையிலும் ஓயவில்லை. தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நல நிலையம் அமைக்க உதவினார். 1958-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

1969 டிசம்பரில், வைகுண்ட ஏகாதசியன்று காலமானார்.