ஒளியும் மூலக்கூறும்: கே. எஸ். கிருஷ்ணன்

நுழையும்முன்

ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாள் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அது இராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். அந்நாளில் ஆய்வுக்கூடத்தில் சர் சி. வி. இராமனோடு உடனிருந்து உழைத்தவர் தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த இளைஞர். அவ்விளைஞரின் வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். சொந்த ஊரிலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிக்கல்வி பயின்றார். அவருக்குப் பாடம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் அறிவியலில் தனிப்பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும், எப்பாடத்தையும் தக்க எடுத்துக்காட்டுகளோடு விளக்கி, எளிய சோதனைகளை மாணவர்களையே செய்துபார்க்கத் தூண்டினார். தம் அறிவியல் ஆர்வத்திற்கு வித்திட்டவர் அவரே எனக் கிருஷ்ணன் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றபின், கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணியேற்றார். நண்பகல் உணவு இடைவேளையில் மாணவர்களோடு அமர்ந்து இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் அவர்கள் எழுப்பும் ஐயங்களுக்கு விடையளிப்பது அவர் வழக்கம். பிற கல்லூரி மாணவர்களும் அக்கூட்டங்களை நாடி வந்தனர்.

கொல்கத்தாவில் ஆய்வு

இராமனின் ஆய்வுகள் கிருஷ்ணனை ஈர்த்தன. 1920ஆம் ஆண்டு அவர் கொல்கத்தா சென்றார். 1923இல் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனின் ஆய்வுத்துணைவரானார். கடல்நீரின் நீலநிறத்திற்குக் காரணம் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே என்று முன்னரே நிறுவியிருந்த இராமன், நீர்மங்களில் ஒளிச்சிதறலை விரிவாக ஆராயும் பணியைக் கிருஷ்ணனிடம் ஒப்படைத்தார்.

நீர்மத்தில் ஒரு தூசி மிதந்தாலும் அது சிதறடிக்கும் ஒளி, மூலக்கூறுகள் சிதறடிக்கும் மெல்லொளியை மறைத்துவிடும். எனவே, கிருஷ்ணன் நீர்மங்களைத் திரும்பத்திரும்ப வாலைவடித்துத் தூசி நீக்கினார். இவ்வாறு 65 நீர்மங்களை ஆய்ந்து முடித்தார். பொறுமையே முதற்கருவியாக அமைந்த பணி அது.

அவ்வாய்வுகளின்போது இராமனின் மாணவர்கள் ஒரு புதிரை எதிர்கொண்டனர். சிதறிய ஒளியில், செலுத்தப்பட்ட ஒளியின் நிறத்திலிருந்து மாறுபட்ட மங்கிய ஒளியும் கலந்திருந்தது. நீர்மத்தில் எஞ்சிய மாசினால் உண்டாகும் ஒளிர்தல் என முதலில் கருதப்பட்டது. ஆயின், எத்தனை முறை தூய்மை செய்தும் அது மறையவில்லை.

1928 பிப்ரவரி

1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணன் இச்சிக்கலை மீண்டும் கையிலெடுத்தார். சூரிய ஒளியைத் தொலைநோக்கி வில்லையால் குவித்து, நீல ஊதா வடிகட்டியின் வழியே நீர்மத்தினுள் செலுத்தினர். சிதறிவரும் ஒளியின் பாதையில், நீல ஊதா ஒளியை முற்றிலும் தடுக்கும் மற்றொரு வடிகட்டியை வைத்தனர். ஒளியின் நிறம் மாறாதிருப்பின் கண்ணுக்கு இருளே தெரியவேண்டும். ஆனால், மங்கிய ஒளித்தடம் தெரிந்தது.

அது ஒளிர்தலா, புதிய விளைவா என்பதை முடிவு செய்யத் தளவிளைவுச் சோதனை துணைநின்றது. நீர்மங்களில் உண்டாகும் வழக்கமான ஒளிர்தலில் வலுவான தளவிளைவு காணப்படுவதில்லை. பிப்ரவரி 7ஆம் நாள், தூய நீர்மங்கள் பலவற்றில் தோன்றிய மங்கிய ஒளி வலுவான தளவிளைவு உடையது எனக் கிருஷ்ணன் கண்டார். அன்றிரவு ஒன்பது மணியளவில் இராமன் கிருஷ்ணன் தங்கியிருந்த இல்லத்திற்கே வந்து, காலையில் கண்டது தாம் நெடுநாள் தேடிய விளைவே என்று தெரிவித்தார். அந்நாள்களின் நிகழ்வுகளைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார்.

பிப்ரவரி 28ஆம் நாள் பிற்பகலில் அவ்வொளியை நிறமாலைகாட்டியால் நோக்கினர். செலுத்திய ஒளிக்கும் புதிய ஒளிக்கும் இடையே ஓர் இருள்பகுதி தெளிவாகத் தெரிந்தது. ஐயம் அகன்றது. மார்ச் 31ஆம் நாள் வெளிவந்த நேச்சர் இதழில் இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரிலும் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று.

மூலக்கூற்றின் கைரேகை

மூலக்கூறுகளில் அணுக்கள் ஓயாது அதிர்கின்றன. ஒளித்துகள் மூலக்கூற்றைச் சந்திக்கும்போது பெரும்பாலும் ஆற்றல் மாறாமலே சிதறுகிறது. மிக அரிதாக, அதிர்வுக்குத் தன் ஆற்றலில் ஒரு பங்கை அளித்தோ அதிர்விலிருந்து ஆற்றலைப் பெற்றோ செல்கிறது. அதனால் அதன் அலைநீளம் மாறுகிறது. மாற்றத்தின் அளவு அணுக்களின் நிறையையும் அவற்றின் பிணைப்பின் வலிமையையும் பொறுத்தது. ஆகவே, ஒவ்வொரு மூலக்கூறும் கைரேகை போலத் தனக்கேயுரிய நிறமாலைக் கோடுகளைத் தருகிறது. 1960இல் லேசர் உருவானபின் இம்முறை பன்மடங்கு வலிமை பெற்றது. இன்று மருந்து, நெகிழி, மணிக்கல், பழைய ஓவியங்களின் வண்ணப்பொருள், புரதம் எனப் பலவற்றைச் சிதைக்காமல் ஆராய அது பயன்படுகிறது.

பரிசுக்குப் பின்னும் பணி

1930ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. ஒளிச்சிதறலைப் பல்லாண்டுகள் விடாது தொடர்ந்து, ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர் அவர். கிருஷ்ணனின் பங்கு எத்தகையது என்னும் வினாவை அறிவியல் வரலாற்றறிஞர் பின்னரும் எழுப்பினர். கிருஷ்ணனோ அப்போது டாக்கா பல்கலைக்கழகத்தில் இணைப்பேராசிரியராக இருந்து, வேறொரு வழியில் மூலக்கூறுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மெல்லிய குவார்ட்சு இழையில் ஒரு படிகத்தைத் தொங்கவிட்டுக் காந்தப்புலத்தில் வைத்தால், படிகம் தனக்கேற்ற திசையில் திரும்ப முயலும். இழையை முறுக்கி அவ்விசையை அளந்தார் கிருஷ்ணன். நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்றவற்றின் மூலக்கூறுகள் தட்டையானவை. அவற்றின் காந்தப்பண்பு திசைக்கேற்ப மாறுபடும். எனவே, படிகத்தினுள் அவை எக்கோணத்தில் சாய்ந்துள்ளன என்பதை இவ்வளவீடு கொண்டே கணக்கிட முடிந்தது. எளிய கருவியால் நுண்ணிய உண்மையைக் காணும் அவரது திறனை உலகம் மதித்தது. 1933இல் கொல்கத்தாவுக்குத் திரும்பி மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1940இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், 1947இல் தில்லியில் உருவான தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். இலக்கியத்திலும் தோய்ந்த அவர், அறிவியலைத் தமிழில் எழுதமுடியும் என்பதைத் தம் கட்டுரைகளால் காட்டினார். 1961ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இயற்கை எய்தினார்.

ஒரு கண்டுபிடிப்பு ஒரு பெயரால் வழங்கலாம். அதன்பின் நிற்கும் உழைப்போ பலருடையது. தூசி நீக்கிய நீர்மங்களின் முன் பொறுமையோடு காத்திருந்த கண்கள் இல்லையெனில், அந்த மங்கிய ஒளி மாசாகவே எண்ணப்பட்டு மறைந்திருக்கும். புகழ் வேறிடம் சென்றபின்னும் தளராது அடுத்த வினாவை நோக்கி நடந்தமையே கிருஷ்ணனின் வாழ்வு மாணவர்க்கு விட்டுச்சென்ற பாடம்.

கற்பவை கற்றபின்

1. ஒளிர்தலுக்கும் இராமன் சிதறலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கிருஷ்ணன் எவ்வாறு கண்டறிந்தார் என்பதை வகுப்பில் விளக்குக.

2. அறிவியல் கண்டுபிடிப்புகளில் கூட்டுழைப்பின் பங்கு என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.