கடலின் நிறம் கண்ட மேதை

தனுஷ்கோடிக்குச் செல்லும் சாலையின் ஒரு புறம் ஆண் கடல்; மறுபுறம் பெண் கடல். அலை மிகுந்த மன்னார் வளைகுடாவையும் அமைதியான பாக் விரிகுடாவையும் நம் கரையோர மக்கள் இவ்வாறு பெயரிட்டு அழைப்பதை நாம் அறிவோம். இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே வானம்; ஒரே கதிரவன். ஆயினும் இரண்டும் பல நாட்களில் ஒரே நிறமாய்த் தோன்றுவதில்லை. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டால், வானம் அதில் தெரிவதால் என்று நம்மில் பலரும் உடனே விடை சொல்லிவிடுவோம். அந்த விடை முழு விடையன்று என்று காட்டியவர் நம் தமிழகத்தில் பிறந்த சர் சி. வி. இராமன் ஆவார்.

அவருடைய வரலாற்றை இம்மலரில் எழுத நாம் முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கணினித் திரையில் கடலையும் மேகத்தையும் வரையும் ஷேடர் என்னும் சிறு நிரலை எழுதக் கற்பவர்கள் இன்று நம்மிடையே பெருகி வருகின்றனர். ஷேடர் என்பது திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் என்ன நிறம் கொள்ள வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் நிரல். 1920க்கு 1080 என்ற அளவுள்ள ஒரு திரையில் 20,73,600 புள்ளிகள் உண்டு. ஒரு விநாடிக்கு 60 முறை அத்தனைக்கும் விடை வேண்டும். இங்கே நீலச் சாயத்தை எடுத்துப் பூசிவிட்டால் கடல் ஆகிவிடாது. ஒளி எங்கிருந்து வந்தது, நீரில் பட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாக வேண்டும். இராமன் கேட்டதும் இதையேதான்.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில், சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் இரண்டாவது மகவாக இராமன் பிறந்தார். தந்தையார் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராகச் சென்றமையால் குடும்பமும் அங்கே குடியேறிற்று. கடற்கரை நகரமாகிய அங்கே, கத்தோலிக்கத் துறவியர் நிறுவிய புனித அலோசியஸ் பள்ளியில் அவர் பயின்றார் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி. பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் முதன்மையாக பி.ஏ. தேறி, 1907இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல அவர் உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அதனால் அறிவியலை விட்டு அரசின் நிதித்துறைத் தேர்வெழுதினார், அதிலும் முதலிடம். அதே ஆண்டில் உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, பதினெட்டு வயது அதிகாரியாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்.

அங்கே பௌபசார் தெருவில் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் ஆளரவமின்றிக் கிடந்தது. இராமன் அதைத் தமக்கு வாய்த்த ஆய்வுக்கூடமாக ஆக்கிக்கொண்டார். விடியற்காலையில் அங்கே, பிறகு அலுவலகம், மாலையில் மீண்டும் அங்கே, வீடு திரும்ப இரவாகும். ஆசுதோஷ் தே என்னும் உதவியாளர் ஒருவரே துணை. இப்படியே பத்தாண்டுகள் கழிந்தன. 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவியைத் தர முன்வந்தது. சம்பளமோ வாங்கியதில் ஏறத்தாழ பாதி. குடும்பத் தலைவராயிருந்த ஒருவர், உயர்வுக்கு வழியுள்ள அரசு வேலையை உதறிவிட்டுக் குறைந்த ஊதியத்தை ஏற்பதென்றால் வீட்டில் என்ன பேச்சு எழுந்திருக்கும் என்பதை நம் வீடுகளை எண்ணினாலே தெரியும். இராமன் அந்தப் பதவியை ஏற்றார்.

1921இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்காக முதன்முறையாகக் கடல் கடந்தார். 'நார்குண்டா' என்னும் கப்பலில் திரும்புகையில், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கட்டி நிறுத்திற்று. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று அக்காலத்தில் எழுதியிருந்தவர் ராலே பிரபு. ஒளியியலில் உலகமே மதித்த பெரியவர். அவரோடு வாதிட இராமனிடம் இருந்தவை சட்டைப்பையில் அடங்கும் நிறமாலை காட்டியும் நிக்கல் பட்டகம் என்னும் சிறு படிகக் கருவியும்தான்.

அந்தப் பட்டகம் செய்த வேலையைச் சற்றே விளக்குவோம். நீரின் மேல் ஒரு குறிப்பிட்ட சாய்வில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. செங்குத்திலிருந்து சுமார் 53 பாகை சாய்வில் கடலைப் பார்த்துப் பட்டகத்தைத் திருப்பினால் அந்த ஒளி முற்றும் மறைந்துபோகும். அதாவது, நீரின் மேலிருக்கும் வானத்தின் பிம்பத்தைத் துடைத்துவிடலாம். ராலே பிரபு சொன்னது சரியானால் அப்போது கடல் கறுத்துவிட வேண்டும். கறுக்கவில்லை; நீலம் முன்னிலும் ஆழமாய் எழுந்து வந்தது! ஆகவே அது நீரின் உள்ளிருந்து வரும் ஒளி. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன. சிவப்பை நீர் விழுங்கிவிட, நீலம் நம் கண்ணுக்குத் திரும்புகிறது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் இக்கருத்தை 'நேச்சர்' இதழுக்கு எழுதி அனுப்பிவிட்டார்.

இன்று திரையில் கடலை வரையும் எந்த ஷேடரைப் பிரித்துப் பார்த்தாலும் பெரும்பாலும் இவ்விரு பகுதிகளும் தனித்தனியே இருக்கும். ஒன்று, மேற்பரப்பில் தெறிக்கும் வானம். மற்றொன்று, உள்ளிருந்து வரும் நீர் நிறம். பாம்பன் பாலத்தின் மேலிருந்து நேர் கீழே பார்க்கும்போது நீர் தெறிப்பது நூற்றில் இரண்டு பங்கு ஒளியே. அதனால் உள் நிறம் தெரிகிறது. தொலைவில் அடிவானத்தை நோக்கினால் தெறிப்பே மிகுகிறது. வானத்தின் பகுதியை மட்டும் எழுதினால் கடல், தரையில் கிடத்திய கண்ணாடிபோல் ஆகிவிடும். உட்பகுதியைச் சேர்க்கும்போதுதான் ஆழத்துக்கும் அடிமணலுக்கும் கலங்கலுக்கும் இடம் கிடைத்து, ஆண் கடல் வேறாகவும் பெண் கடல் வேறாகவும் தோன்றும்.

இதில் கற்பவரை மலைக்கவைப்பது, கருவிக்குக் கருவி மொழி மாறுவது. ஓப்பன் ஜி.எல். வழியிலும் இணைய உலாவியிலும் ஜி.எல்.எஸ்.எல்.; விண்டோஸின் டைரக்ட் எக்ஸில் எச்.எல்.எஸ்.எல்.; ஆப்பிள் கருவிகளில் மெட்டல். நிறத்தின் மூன்று எண்களை ஒன்றில் 'வெக்3' என்கிறோம், மற்றவற்றில் 'ஃப்ளோட்3'. இரு நிறங்களைக் கலப்பது ஒன்றில் 'மிக்ஸ்', வேறொன்றில் 'லெர்ப்'. ஒன்றில் படத்தின் தொடக்கம் கீழ் மூலை. மற்றதில் மேல் மூலை. கவனியாவிட்டால் கடல் தலைகீழாய்த் தொங்கும். ஆனால் 53 பாகை எங்கும் 53 பாகைதான். அந்தக் கணக்கை எந்த நிறுவனமும் மாற்றுவதற்கில்லை. இராமனும் நீரில் கண்டதை நீரோடு விட்டுவிடவில்லை; பனிக்கட்டி, வாயுக்கள், ஆல்கஹால் போன்ற திரவங்கள், படிகங்கள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனார்.

அந்தத் தேடலில் 1923இல் மாணவர் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில் மங்கலான வேறொரு நிறமும் கலந்திருப்பதைக் கண்டார். கே. எஸ். கிருஷ்ணன் அதனைப் பல திரவங்களில் ஆராய்ந்தார். இவர் பிறந்த வத்திராயிருப்பு, 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை நம் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர். 1928 பிப்ரவரி 28ஆம் நாள், பாதரச விளக்கின் ஒளியில், சிதறிய ஒளியின் நிறம் மாறியிருப்பது ஐயமற உறுதியாயிற்று. அதுவே இராமன் விளைவு. 'நேச்சர்' இதழில் வந்த முதல் அறிக்கையில் இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உண்டு. 1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. வத்திராயிருப்புக்காரரின் பெயரைப் பாடநூல்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம் என்பது நம் எண்ணம்.

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். வளைந்து கொடுக்கும் இயல்பினரல்லர். பூசல் எழுந்து 1937இல் இயக்குநர் பொறுப்பை விட்டு, பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். 1948இல் தமக்கென ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். 1954இல் பாரத ரத்னா விருது வந்தது. அவரை அப்போதும் ஈர்த்தவை மலர்களும் மணிகளும் சிப்பிகளுமே. கிளிஞ்சலின் உட்புறத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் பச்சையும் இளஞ்சிவப்பும் ஓடி மறைகின்றன அல்லவா? இராமேசுவரம் கடைத்தெருவில் நாம் விலைபேசி வாங்கும் அந்தப் பொருளைப் பற்றியும் முத்தைப் பற்றியும் அவர் ஆய்வுரைகள் எழுதியிருக்கிறார். அந்நிறங்கள் சாயமல்ல, மெல்லிய சுண்ண அடுக்குகள் ஒளியோடு ஆடும் விளையாட்டு. பார்க்கும் கோணம் மாற நிறமும் மாறும். ஷேடரில் முத்தை வரைய முயல்வோர் முதலில் இந்தக் கோணத்தையே கணக்கில் கொள்கின்றனர்.

1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் இராமன் மறைந்தார். அவர் விருப்பப்படியே ஆய்வு நிலையத்தின் தோட்டத்தில் எரியூட்டினர். நினைவுக் கட்டடம் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தமையால், அவ்விடத்தில் ஒரு மரம் நட்டிருக்கிறார்கள்.