கவிதையால் உளந்தேறிய அறிஞர் ஜோன் ஸ்டுவர்ட் மில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து தந்த பேரறிஞர்களுள் ஒருவர் ஜோன் ஸ்டுவர்ட் மில். தனிமனித சுதந்திரம் பற்றி 1859 இலும், பெண்களின் அடிமை நிலை பற்றி 1869 இலும் அவர் வெளியிட்ட நூல்கள் இன்றும் பல்கலைக்கழகங்களிற் பயிலப்படுகின்றன. ஆயின் இருபதாவது வயதில், இன்னும் ஓராண்டுக்கு மேல் இப்படி வாழ இயலாது என எண்ணுமளவுக்கு அவர் உளந்தளர்ந்திருந்தார் என்பதைப் பலர் அறியார்.

1806 மே 20 இல் இலண்டனிற் பிறந்த மில்லுக்குத் தந்தையே ஆசான். தந்தை ஜேம்ஸ் மில் பிரித்தானிய இந்தியாவின் வரலாற்றை எழுதியவர், மிகுந்த கண்டிப்பானவர். மைந்தனுக்கு மூன்று வயதிற் கிரேக்கமும், எட்டு வயதில் இலத்தீனும், பன்னிரண்டு வயதில் தருக்கமும் தொடங்கப்பட்டன. அயற் சிறுவரோடு கூடி விளையாட விடப்படவில்லை. காலையிற் தந்தையுடன் உலாவச் செல்லும்போது முதல்நாள் வாசித்ததை ஒப்புவிக்க வேண்டும். தம்பி தங்கையருக்குப் பாடஞ்சொல்லும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. எதையும் பகுத்து ஆராயும் ஆற்றல் இவ்வாறு கூர்மை பெற்றது. உணர்ச்சி பெரிதாக மதிக்கத்தக்கதன்று என்ற எண்ணமும் கூடவே ஊறியது. ஜேம்ஸ் மில்லை அன்பற்ற தந்தை என்று சொல்லிவிட முடியாது. அன்பை வெளிக்காட்ட அறியாதவர் என்பதே பொருந்தும்.

1823 இல், பதினேழாவது வயதிற் கிழக்கிந்தியக் கம்பனியின் இலண்டன் அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். சமுதாயத்தைச் சீர்திருத்துவதே தம் வாழ்வின் குறிக்கோள் என்றிருந்தார். 1826 இன் இலையுதிர் காலத்தில் ஒருநாள், தாம் விரும்பும் சீர்திருத்தங்கள் யாவும் அக்கணமே நிறைவேறினால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மைத் தாமே வினவினார். இல்லை என்று உள்ளம் சொல்லிற்று. அன்றே அவர் வாழ்வின் அத்திவாரம் சரிந்தது. அலுவலகம் போனார், வேலை செய்தார், எதிலும் உயிரில்லை. வாய்விட்டுச் சொல்ல ஒருவருமில்லை. தந்தையிடம் சொன்னால் அவருக்கு விளங்காது; தாம் அரும்பாடுபட்டுக் கொடுத்த கல்வி பிழைத்துவிட்டதே என்று வருந்துவார்.

சில மாதங்களின் பின், பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொந்தேலின் வாழ்க்கை நினைவுகளை வாசித்துக்கொண்டிருந்தார். தந்தை இறந்த துயரிற் குடும்பம் தவிக்க, இனி நானே உங்களுக்கு எல்லாம் என்று சிறுவன் முன்வரும் இடத்தில் மில்லின் கண்கள் கலங்கின. தம் நெஞ்சு கல்லாகிவிடவில்லை என்ற நம்பிக்கை அப்போதுதான் வந்தது. ஆயினும் பழைய சோர்வு மீண்டும் மீண்டும் வந்து போயிற்று.

துயரின் கொடிய காலத்திற் பைரனின் கவிதைகள் முழுவதையும் படித்துப் பார்த்திருந்தார். பயனில்லை. பைரனும் வாழ்வில் அலுத்தவர். சோர்ந்தவனுக்குச் சோர்வையே காட்டினால் ஆறுதல் எங்ஙனம் வரும்? 1828 இன் இலையுதிர் காலத்திற் பெரிய எதிர்பார்ப்பு எதுவுமின்றியே வேர்ட்ஸ்வோர்த்தின் கவிதைத் தொகுப்பை எடுத்தார். 1815 இல் இரண்டு பாகமாக வெளிவந்தது அது. மலையும் வயலும் மில்லுக்கு முன்பே பிரியமானவை. பதினான்கு வயதிற் பிரனீஸ் மலைகளைக் கண்டவர். எனினும் அவரை ஆற்றியது இயற்கை வருணனை மாத்திரமன்று. இளமையிற் கண்ட ஒளி தம்மைவிட்டு அகன்றதைக் கவிஞர் மறையாமற் சொல்லியிருந்தார். அவ்விழப்புக்கு ஈடாகத் தாம் கண்டடைந்ததையும் சொல்லியிருந்தார். ஏழு வயதிற் தாயையும் பதின்மூன்று வயதிற் தந்தையையும் இழந்து, 1812 இல் இரு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் வேர்ட்ஸ்வோர்த். மில் தம் நோயை அறிந்த ஒருவரைக் கண்டார். சிறிது சிறிதாகச் சோர்வு நீங்கிற்று.

வேர்ட்ஸ்வோர்த்தே உலகின் தலைசிறந்த கவிஞர் என்று அவர் ஒருபோதும் வாதிடவில்லை. அவரினும் பெருங்கவிஞர் உளர், அவ்வேளையிற் தமக்கு வேண்டியதைத் தந்தவர் இவரே என்பது அவர் கருத்து. 1829 இல் விவாதக் கழகமொன்றிற் பைரனின் பக்கம் நின்ற நண்பர் ரோபக்குடன் இதன்பொருட்டு வாதாடினார். 1831 இல் ஏரி மாவட்டத்துக்குப் போய்க் கவிஞரை நேரிலும் கண்டார். 1833 இற் கவிதை பற்றி எழுதிய கட்டுரையில், கேட்போரை எண்ணாமல் தனிமையில் உள்ளம் தன்னோடு பேசுவதே கவிதை என விளக்கினார்.

பின்னர் 1865 முதல் 1868 வரை பாராளுமன்ற உறுப்பினராக இருந்து பெண்களின் வாக்குரிமைக்குக் குரல்கொடுத்தார். 1873 மே மாதத்திற் பிரான்சின் அவிஞ்ஞோனிற் காலமாகி, 1858 இல் அங்கேயே மறைந்த மனைவி ஹரியட்டின் அருகில் அடக்கஞ்செய்யப்பட்டார். அவ்வாண்டே அவரது சுயசரிதை வெளிவந்தது. தந்தையிடம் சொல்லாத துயரத்தை அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருந்தார்.