அரிய வேட்டை நாடிய தியோடர் ரூஸ்வெல்ட்

வேட்டையாடுதல் பண்டைக்காலந்தொட்டு வேந்தர்க்கும் வீரர்க்கும் உரிய பொழுதுபோக்காகக் கருதப்பட்டு வந்துளது. ஆயினும் வேட்டை யாவும் ஒரே தன்மையன அல்ல. ஊர்ப்புறத்துக் காட்டில் மானைச் சுட்டு மாலையில் வீடு திரும்புதல் ஒருவகை. தன்னினும் வலிய விலங்கை, அது வாழும் நிலத்திற்கே சென்று, பசியும் பிணியும் பொறுத்துத் தேடுதல் மற்றொருவகை. இவ்விரண்டனுள் பின்னதையே பெரிதும் விரும்பியவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 26-ஆவது ஜனாதிபதியாய் விளங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் என்பார். அவர்தம் அரசியற் செயல்களைப் பலரும் அறிவர். அவர் வேட்டையைத் தேர்ந்த முறையையும், அது அவரை எங்ஙனம் மாற்றியது என்பதையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ரூஸ்வெல்ட் 1858-ஆம் வருஷம் அக்டோபர் 27-ஆந் தேதி நியூயார்க் நகரில் செல்வக்குடியொன்றில் பிறந்தார். இளமையில் இரைப்பு நோய் அவரை மிகவும் வருத்திற்று, கண்பார்வையும் மங்கல். தந்தையாரின் தூண்டுதலால் இடைவிடாது தேகப்பயிற்சி செய்து உடலை உரமாக்கிக்கொண்டார். பறவைகளைச் சேகரித்துப் பதப்படுத்தி வைப்பதில் சிறுவயதிலேயே பேரார்வங் கொண்டிருந்தார். 1880-இல் ஹார்வர்டு கலாசாலையில் பட்டம் பெற்றார்.

நியூயார்க்கை அடுத்த வனங்களில் மான்களுக்குக் குறைவில்லை. எனினும் 1883-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், 25 வயது நிரம்பாத அவ்விளைஞர், மேற்கே நெடுந்தொலைவிலுள்ள டக்கோட்டாப் பிரதேசத்திற்கு இரயிலேறினார். அவர் நாடியது பைசன் என்னும் காட்டெருமை. கோடிக்கணக்கில் திரிந்த அவ்வினம், தோல் வணிகரின் துப்பாக்கிகளால் அற்றுப்போகும் தறுவாயில் இருந்தது. ஜோ பெரிஸ் என்பவர் வழிகாட்டியாய் உடன் சென்றார். நாடோறும் மழை, சேற்றில் குதிரைகள் வழுக்கின, இரவில் போர்வைகள் நனைந்தன, எதிர்ப்பட்ட விலங்குகளும் குறி தப்பி ஓடின. வழிகாட்டியே சலிப்புற்றும் நகரத்து இளைஞர் சலித்திலர். பல நாள் அலைந்த பின்னரே ஒரு காட்டெருமையை வீழ்த்தினார். அந்நிலத்தின்பால் ஏற்பட்ட பற்றினால், ஊர் திரும்புமுன் 14,000 டாலர் கொடுத்து ஆங்கொரு கால்நடைப் பண்ணையிலும் பங்குகொண்டார்.

1884-ஆம் வருஷம் பிப்ரவரி 14-ஆந் தேதி, ஒரே நாளில், ஒரே வீட்டில், அவருடைய தாயாரும் மனைவியாரும் இறந்தனர். துயரம் ஆற்றாது அவர் மீண்டும் மேற்றிசை சென்றார். அவ்வாண்டிலேயே பிக்ஹார்ன் மலைகளில், கிரிஸ்லி என்னும் பெருங்கரடியை மிக அண்மையில் எதிர்ப்பட்டுச் சுட்டார்.

மேற்கு நாட்டில் அவர் கண்டது வெற்றி மாத்திரமன்று. வேட்டை விலங்குகள் ஆண்டுதோறும் அருகி வருவதையும் கண்டார். அதனால் 1887-இல் நண்பர்களுடன் கூடிப் பூன்-கிராக்கெட் சங்கத்தை நிறுவினார். தப்புதற்கு இடமில்லாத விலங்கைக் கொல்லுதல் வேட்டையாகாது என்பது அச்சங்கத்தார் கொண்ட நெறி. 1902-இல் மிஸிஸிப்பி நாட்டில், அவருக்கென ஒரு கரடியைப் பிடித்து மரத்திற் கட்டிவைத்தனர். அவர் அதனைச் சுட மறுத்தார். எனினும் காயமுற்று வருந்திய அக்கரடியின் துன்பத்தை முடித்துவிடுமாறு பிறரை ஏவினார். குழந்தைகள் விளையாடும் டெடி கரடிப் பொம்மைக்குப் பெயர் வந்த வரலாறு இதுவே. ஜனாதிபதியாயிருந்த காலத்தில் 51 பறவைச் சரணாலயங்களையும் 5 தேசியப் பூங்காக்களையும் ஏற்படுத்தினார். 1908-இல் மான்டானாவில் காட்டெருமைகளுக்கென ஒரு காப்பிடம் அமையவும் கையொப்பமிட்டார்.

1909-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் பதவியை விட்டு நீங்கியபொழுது அவருக்கு வயது 50. ஓய்வை நாடாது, அம்மாதத்திலேயே மகன் கெர்மிட்டுடன் ஆப்பிரிக்காவிற்குக் கப்பலேறினார். ஸ்மித்ஸோனியன் காட்சிசாலைக்கு உயிரினங்களைச் சேகரித்தல் அப்பயணத்தின் நோக்கம். இயற்கை நூல் வல்லார் மூவரும், 200-க்கு மேற்பட்ட சுமையாட்களும், தோல்களைப் பதப்படுத்த 4 டன் உப்பும் உடன் சென்றன. ஸ்கிரிப்னர் பத்திரிகைக்குக் கட்டுரைகள் எழுதி 50,000 டாலர் ஈட்டினார். ஒரு கண் ஏறக்குறைய ஒளியிழந்திருந்தும் சிங்கத்தையும் யானையையும் நேர்நின்று எதிர்த்தார்.

கெனியா மலைச்சாரற் காட்டில் ஒரு களிற்றை வீழ்த்திய கணத்தில் அவரது இரட்டைக்குழல் துப்பாக்கி வெறுமையாயிற்று. அந்நொடியே மற்றொரு களிறு புதரைப் பிளந்துகொண்டு வந்தது. துதிக்கைக்கு எட்டும் தூரத்தில் நின்ற அவர், மரத்தின் பின் ஒதுங்கி உயிர் பிழைத்தார். உடனிருந்த கன்னிங்காம் சுட, யானை விலகியோடிற்று.

1910-ஆம் வருஷம் மார்ச்சில் கார்ட்டூம் நகரையடைந்து பயணம் முடிவுற்றது. தந்தையும் மகனும் சுட்ட விலங்குகள் 512. இவற்றுள் நைல் நதியின் மேற்பகுதியிலுள்ள லாடோவிற் சுட்ட வெள்ளைக் காண்டாமிருகங்கள் 9. அவை அரிய விலங்கென்பதை அவர் அறிந்தேயிருந்தார். காட்சிசாலைக்கு இரண்டொன்று போதாவோ என வினவுவார்க்கு அவர் சார்பில் விடை கூற யாம் துணியோம். அவ்வடபுலத்து இனத்தின் கடைசி ஆண் 2018-இல் கெனியாவில் மாண்டது. அவ்வினம் அழியும் நிலையை எய்தியமைக்குப் பிற்காலத்துத் திருட்டு வேட்டையும் போர்களுமே பெருங்காரணங்கள். எனினும் அந்த ஒன்பதும் கணக்கில் எழுதப்பட்டேயுள்ளன.

1919-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆந் தேதி ரூஸ்வெல்ட் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அவர் வாழ்க்கையினின்று நம் மாணவர் கொள்ளத்தக்கது யாது? எளியது கைக்கெட்டும் தூரத்திலிருக்க, அரியதைத் தேர்ந்து அதற்குத் தம்மைத் தகுதியாக்கிக்கொண்டமை போற்றத்தக்கது. அவ்வருமையைத் தேடிச் சென்றவிடத்தில் அழிவைக் கண்டு, காவலனாக மாறியமை அதனினும் போற்றத்தக்கது. அங்ஙனம் மாறியவரும் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை என்பதை மறைத்தல் சரிதம் எழுதுவார்க்கு அழகன்று. அரியதை அடையவேண்டும் என்னும் ஆசைக்கு, அடைந்தபின் எவ்வளவில் நிற்பது என்னும் அறிவும் துணையாதல் வேண்டும். அவ்வறிவு எய்துதற்கு அரியது என்பதை அவர் சரிதமே காட்டுகின்றது.